படத்தின் முதுகு

பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது பட்டறைக்கு வந்தால், முதல் வேலையாக மேசையில் மெத்தென்று துணி விரித்து அதைக் கவிழ்த்து வைப்பேன். வந்தவர்களின் முகம் சுருங்கும். சாமி படத்தைக் குப்புறப் போடுகிறானே என்று வாய்விட்டே கேட்டவர்களும் உண்டு. முன்பக்கம் உதிரவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் கவிழ்ப்பேன். உதிர்கிற படமென்றால் அதை நிமிர்த்தி நிறுத்திவிட்டு நாம்தான் அதன் பின்னால் போக வேண்டும்.

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். கிருஷ்ணன் தெரிவார், ராமர் பட்டாபிஷேகம் தெரியும், தங்க ரேக்கு மின்னும். படத்துக்கு என்ன நோய், எத்தனை வயது, யார் கை வைத்துக் கெடுத்தது என்பதெல்லாம் முதுகில்தான் இருக்கும். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் ஒரு சட்டக் கடைக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பலகையின் பின்பக்கத்தை முகர்ந்து பார்ப்பார். ஈரம் இருந்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். இன்றைக்கு என்னிடம் ஈரப்பத மானி இருக்கிறது. இருந்தாலும் முகர்ந்து பார்க்கிறேன்.

சென்ற வருஷம் ஐப்பசியில் செட்டிநாட்டுப் பக்கமிருந்து ஒரு ஆச்சி, பேரனைக் காரோட்ட வைத்துக்கொண்டு ஒரு படத்துடன் வந்தார். மூன்றடி உயரம், வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன். கொழுகொழுவென்ற குழந்தை, மண்டபம், திரைச்சீலை, இரு பக்கமும் பெண்கள். நெற்றியில் தொடங்கி மூக்கை ஒட்டி மோவாய் வரைக்கும் செங்குத்தாக ஒரு விரிசல்.

“மூஞ்சியிலயே வெடிச்சுப்போச்சு தம்பி. பேரன் கல்யாணம் தை மாசம். அதுக்குள்ள புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துருங்க.”

“புதுசு வேணும்னா தஞ்சாவூர்ல செய்யச் சொல்லிடலாமே ஆச்சி. இது பழசாவே இருக்கட்டும். மேற்கொண்டு கெடாமப் பார்த்துத் தர்றேன்.”

ஆச்சிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இந்த உரையாடலை வாரத்துக்கு ஒரு முறையாவது நடத்துகிறேன், யாருக்கும் பிடித்ததில்லை.

கவிழ்த்துப் பார்த்தேன். பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருந்தது, பழைய சட்டக்காரர் யாரோ செய்த வேலை. ஓரத்தில் கிழிந்த இடத்தில் பலாப்பலகை தெரிந்தது. இரண்டு பலகைகளை நீளவாட்டில் சேர்த்து, அவை விலகாமலிருக்கக் குறுக்கே இரண்டு சட்டங்களை ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். விரிசல் ஏன் முகத்தில் விழுந்தது என்பதற்கு விடை அங்கேயே கிடைத்தது. மரம் ஈரம் குடித்தால் அகலவாட்டில் உப்பும், காய்ந்தால் அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. சுருங்கப் பார்க்கிற பலகையைக் குறுக்குச் சட்டம் ஆணியோடு பிடித்துக்கொண்டால் பலகை எங்காவது பிளந்துதானே ஆக வேண்டும்? இணைப்பு பலவீனமான இடம், அங்கே பிளந்தது. அந்த இணைப்புக்கு நேர் முன்னால் கிருஷ்ணன் முகம் இருந்தது அவர் தலைவிதி. ஆச்சியிடம் மெல்ல விசாரித்ததில், முகப்பில் மாட்டியிருந்த படத்தைப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஏசி அறைக்கு மாற்றியது தெரிந்தது. பகலில் வெக்கை, ராத்திரி ஏசி. அந்தப் பலகை தினம் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்திருக்கிறது.

தஞ்சாவூர்ப் படம் என்று இப்போது நாம் சொல்வதைப் பழைய ஆட்கள் பலகைப் படம் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் சரியென்று படுகிறது. மராட்டிய அரசர்களின் தஞ்சாவூரில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில், ராஜு குடும்பத்து ஓவியர்கள் செழிக்கச் செய்த வேலை இது. பலகைமேல் புளியங்கொட்டைப் பசை தடவிக் காடாத் துணி ஒட்டுவார்கள். அதன்மேல் சுக்கான் தூளைப் பிசினில் குழைத்துப் பூசி, காயவிட்டு, வழவழவென்று தேய்ப்பார்கள். பிறகு கோடு. அதன்மேல் கல் பதித்து, மக்கால் புடைப்பு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியாக வண்ணம். மரம், துணி, சுண்ணாம்பு, பிசின், தங்கம், கண்ணாடி என்று ஆறும் ஆறு குணம். ஒன்று உப்பும்போது இன்னொன்று உப்பாது. மேலே இருப்பவை எல்லாம் அடியில் இருக்கும் பலகை ஆட்டுகிறபடி ஆடுகின்றன.

வண்ணத்துக்குப் பிடிப்பு பெரும்பாலும் பிசின். பிசின் தண்ணீரில் கரையும். இது எனக்குத் தெரிந்திருந்தும் ஒரு முறை புத்தி கெட்டது. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், ஒரு தாயார் படம். புடவையின்மேல் விளக்குப் புகை அடை அடையாக இருந்தது. தென்னை ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துச் சோதித்தேன். கறுப்பு மட்டும் வந்தது. தைரியம் வந்துவிட்டது. நாலாவது பஞ்சில் கறுப்போடு சேர்ந்து பச்சை வந்தது. புடவையின் பச்சை. அரிதாரமும் அவுரியும் கலந்து யாரோ ஒருவர் அரைத்து வைத்த பச்சை, என் பஞ்சில். சோதித்த இடம் சிவப்பு, துடைத்த இடம் பச்சை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று கடைக்காரர் நூறு முறை சொல்லியிருந்தார். கட்டை விரல் அகலம்தான் போனது. படத்துக்கு உரியவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அந்தப் பஞ்சை ஒரு மருந்துக் குப்பியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன், வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் எடுத்துக் காட்டுவேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் சாமி படம் துடைக்கிற வீடுகளில் என்ன நடக்கிறது என்று இதிலிருந்து தெரியும். கண்ணாடி போட்ட படமென்றால் கண்ணாடியைத் துடைக்கலாம், அதுவும் தண்ணீர் சட்டத்தின் இடுக்கில் இறங்காமல். சந்தனம், குங்குமம் வைப்பதைத் தடுக்க நான் யார்? கண்ணாடிமேல் வையுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் படத்தின் அழுக்கு எடுக்க எச்சிலைப் பயன்படுத்துவார்கள். கேலி இல்லை. எச்சிலில் இருக்கும் நொதி, தண்ணீர் கரைக்காத சில அழுக்குகளை மெல்லக் கரைக்கும். பஞ்சை நாக்கில் வைத்து நனைத்து உருட்டுவார்கள். நம் ஊரில் பூஜையில் இருக்கிற படத்தின்மேல் எச்சிலா? நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். அதே போலத்தான் வச்சிரமும். உதிர்கிற வண்ணத்தை ஒட்டவைக்க மீன் பசை போன்ற விலங்குப் பசைகள் உலகமெங்கும் பெயர் வாங்கியவை. சைவ வீட்டு விநாயகருக்கு அதை ஊசியில் ஏற்றிவிட்டு வாய் மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. தாவர நாரிலிருந்து எடுக்கும் மெத்தில் செல்லுலோஸ் இருக்கிறது, அசிட்டோனில் கரையும் அக்ரிலிக் பிசின் பாராலாய்ட் பி-72 இருக்கிறது. எதை எங்கே என்பது அந்தந்தப் படத்தைப் பொறுத்தது. நாளைக்கு வேறொருவர் இதைப் பிரிக்க நினைத்தால் பிரிய வேண்டும், அதில் மட்டும் சமரசம் கிடையாது. வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையை வைத்து ஒட்டிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் அதனால்தான் எரிச்சல் வருகிறது. அது காய்ந்தால் கல்.

கல் என்றதும் நினைவு வருகிறது. “கெம்பெல்லாம் செத்துப்போச்சு, மாத்திடுங்க” என்பார்கள். பழைய படங்களில் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடிக் கற்கள். அவற்றின் ஒளி முதுகில் ஒட்டிய மெல்லிய தகட்டிலிருந்து வருகிறது. ஈரம் புகுந்து தகடு கறுத்தால் கல் இருண்டுபோகும். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இங்கேயும் முதுகு பார்க்காதவர்கள் கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கல்லை வைக்கிறார்கள். புதுக் கல் பளபளக்கிற பளபளப்பில் நூறு வருஷத் தங்கம் மங்கலாகத் தெரியும். உடனே தங்கத்துக்கும் மேல் பூச்சு. அப்புறம் முகத்துக்கு. ஒரு கல்லில் தொடங்கி முழுப் படமும் காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

முதுகே படமாக இருக்கும் ஜாதி ஒன்றும் உண்டு. கண்ணாடிப் படம். சீனாவிலிருந்து கடல்வழியாக 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கலை, தஞ்சாவூர்க்காரர்கள் அதையும் தங்கள் கைக்குப் பழக்கிக்கொண்டார்கள். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கத்தில் பார்ப்பது. ஆகையால் எல்லாமே தலைகீழ். பலகையில் கண்மணி கடைசியாக வரும், கண் திறப்பது அப்போதுதான். கண்ணாடியில் கண்மணிதான் முதலில். நகையின் கோடு, புருவம், உதட்டு விளிம்பு, அதற்குப் பிறகு உடம்பின் நிறம், எல்லாம் முடிந்து கடைசியாகப் பின்னணி. ஒரு கோடு பிசகினால் மேலே பூசி மறைக்க வழியில்லை, முதலில் போட்டதுதான் முன்னால் நிற்கும். வழவழப்பான கண்ணாடியில் வண்ணத்துக்குப் பிடிமானம் குறைவு, செதில் செதிலாகப் பெயரும். தூசி தட்டுகிறேன் என்று பின்னட்டையைக் கழற்றித் துணியால் ஒரு இழு இழுத்தால் சாமி துணியோடு வந்துவிடுவார். படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி கீழே, வண்ணம் மேலே. பெயர்ந்த செதிலாவது இருந்த இடத்தில் கிடக்கும்.

ரவிவர்மா அச்சுப்படங்களுக்கு முதுகுதான் எமன். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் மாளவ்லிக்குப் போனது. ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் மாற்றி மாற்றி அடித்த லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீடுகளுக்குள் வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்த அச்சுப்படத்துக்கே சரிகை தைத்து, துணி ஒட்டிப் புடவை கட்டி, ஜிகினா வைத்திருப்பார்கள். எனக்கு அவை பலகைப் படங்களுக்குக் குறைவில்லாதவை. அச்சகம் ஆயிரக்கணக்கில் அடித்ததை அந்தக் கை ஒன்றே ஒன்றாக மாற்றியிருக்கிறது. இந்தப் படங்களுக்குப் பின்னால் சட்டக்காரர்கள் வைத்தது மட்டமான மரக்கூழ் அட்டை, அல்லது சாமான் பெட்டியை உடைத்த பலகைத் துண்டு. அந்த மரத்தின் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்துக்குள் இறங்கும். ஒரு சரஸ்வதியைக் கழற்றியபோது பலகையின் கணுவும் ரேகையும் பழுப்பு நிறத்தில் அவள் வீணைமேல் அச்சாகியிருந்தன. காகிதமோ அப்பளம். அதைக் காப்பாற்ற நாலு மாதம் பிடித்தது. அமிலமில்லாத அட்டை ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் அரை நாள் வேலை.

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலக் காலத்து நவீனப் படங்களும் எப்போதாவது வருகின்றன. அவற்றில் எனக்கு அவ்வளவு தேர்ச்சி இல்லை. ஹார்ட்போர்டின் சொரசொரப்பான முதுகில் வரைந்த படம் ஒன்று வந்தது. கான்வாஸ் வாங்கக் காசில்லாதவர், கான்வாஸ் மாதிரி நெசவு தெரியட்டும் என்று அந்தப் பக்கத்தைத் தேர்ந்திருக்க வேண்டும். வழவழப்பான பக்கத்தில் பாதியில் விட்ட வேறொரு படம் இருந்தது. எது முன், எது பின் என்று உரிமையாளரும் நானும் கொஞ்ச நேரம் விழித்தோம்.

அந்தக் குழப்பத்தின் பெரிய வடிவம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இருக்கிறது. கருவறையைச் சுற்றிய இருட்டு உள்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்கள்தான் இருப்பதாக வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியம். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கைலாயம் போகிறார்கள், திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவன் தேரில் நிற்கிறார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதே பத்தாண்டில் அந்தப் பூச்சின் அடுக்குகளை ஆராய்ந்தார். ஒரு காலத்து ஓவியத்தின் முதுகில் இன்னொரு காலத்து ஓவியம். அடியில் இருப்பது உயர்ந்தது என்பதற்காக மேலே இருப்பதைச் சுரண்டி எறிவதா? எறியவில்லை. தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் நாயக்கர் ஓவியத்தை ஓர் ஏடு போலச் சுவரிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடி நாரிழைப் பலகையில் ஏற்றினார்கள். சோழ ஓவியமும் இருக்கிறது, நாயக்க ஓவியமும் இருக்கிறது. உள்சுற்றுக்குள் சாதாரணமாக யாரையும் விடுவதில்லை. நான் பார்த்தது புகைப்படங்களில்தான். ஆனாலும் பூச்சைப் பிரித்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மில்லிமீட்டர் கணக்கு வேலை, தவறினால் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

போலிகளும் முதுகில்தான் மாட்டிக்கொள்கின்றன. டீத் தண்ணீர் பூசிப் புகை காட்டிய பலகைகளை எத்தனையோ பார்த்தாயிற்று. பூச்சி துளைத்தது போல டிரில்லரால் ஓட்டை போடுவார்கள். நிஜப் பூச்சி நேராகப் போகாது, வளைந்து வளைந்து மேயும். ஈர்க்கு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கருமான் அடித்த ஆணிக்குத் தலை கோணலாக இருக்கும். ஒட்டுப்பலகையில் வரைந்துவிட்டுச் சரபோஜி காலம் என்று சத்தியம் செய்தவரை நான் உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்வது?

ஆச்சியின் படத்துக்கு வருகிறேன். குறுக்குச் சட்டங்களின் ஆணிகளைத் தளர்த்தினேன், பலகைக்கு மூச்சு விட இடம் கொடுத்தால் போதும். விரிசலைக் கவ்வி வைத்து இறுக்கி மூடவில்லை, மூடினால் வேறிடத்தில் வெடிக்கும். அதில் முன்னொரு கை, மர வேலைக்குப் போடும் பட்டியை அடைத்து, எனாமல் நீலத்தை மூக்கின்மேல் வழிய விட்டிருந்தது. அந்த நீலத்தை உருப்பெருக்கிக்கு அடியில் கத்தி முனையால் எடுக்கப் பதினொரு நாள். அடியில் பழைய நீலம் முக்கால்வாசி பத்திரமாக இருந்தது. மிச்ச இடத்தில் சுண்ணத் தூள் நிரப்பி, நீர்வண்ணத்தால் மயிரிழைக் கோடுகளாக நிறம் கொடுத்தேன். இந்தக் கோட்டு முறை ரோமில் 1939இல் தொடங்கிய மறுசீரமைப்பு நிறுவனத்தில் செசாரே பிராண்டி வகுத்தது. நாலடி தள்ளி நின்றால் முகம் முழுசாகத் தெரியும், கிட்டே வந்தால் எது பழைய கை, எது என் கை என்று கோடு சொல்லிவிடும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். ஆச்சியின் பேரனுக்குப் பிடிக்கவில்லை, கிட்டே வந்துதான் பார்த்தார்.

கடைசியாக முதுகுக் காகிதம். அமிலம் ஏறி நொறுங்கிக்கொண்டிருந்தது, எடுத்தே தீர வேண்டும். மெத்தில் செல்லுலோஸைக் கூழாகத் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மூங்கில் தகட்டால் நெம்பி நெம்பி எடுத்தேன். பாதிக்கு மேல் வந்தபோது பலகையில் கறுப்பு வண்ணத்தில் எழுத்துகள் தெரிந்தன. மூன்று தலைப்பெழுத்து, இடையில் புள்ளிகள். செட்டிநாட்டில் செம்புப் பானையிலிருந்து கரண்டி வரைக்கும் பொறித்திருப்பார்களே, அதே மாதிரி. போட்டோ எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். அரை மணியில் ஆச்சியே போனில் வந்துவிட்டார்.

“இது எங்க மாமியா பொறந்த வீட்டு விலாசம்ல தம்பி! மாமனாரு தஞ்சாவூருக்குப் போயி வாங்கியாந்ததுன்னுல சொல்லிக்கிட்டிருந்தாக அம்புட்டுப் பேரும்.”

“சீர்ல வந்திருக்கும் போல ஆச்சி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அந்த மனுஷி ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்றார். பிறகு, “மூஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் வர்ணம் அடிக்கச் சொல்லணும்னு இருந்தேன். அது கெடக்கட்டும். பின்னாடி அந்த எழுத்து மேல மட்டும் ஒண்ணும் ஒட்டிராதீக.”

தூசியும் பல்லியும் புகாமலிருக்கப் பின்னட்டை போட்டே ஆக வேண்டும். அமிலமில்லாத அட்டையில், எழுத்துகள் இருக்கும் இடத்தில் ஆறு விரற்கடை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி, பாலியெஸ்டர் தாளை வைத்து மூடினேன். கீழ் மூலையில் பென்சிலால் தேதி, போட்ட பசை, தொட்ட இடங்கள். சுவரில் படாமல் காற்று ஓடுவதற்காகச் சட்டத்தின் கீழ் இரண்டு முனைகளிலும் கார்க் துண்டுகள் வைத்தேன். ஏசி அறை வேண்டாம், முகப்பிலேயே வெயில் படாத உள்சுவராகப் பார்த்து மாட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தை பிறக்க எட்டு நாள் இருந்தது. காரில் ஏற்றும்போது பேரன் படத்தைச் சீட்டில் சாய்த்து வைக்கப் போனார். ஆச்சி அதைத் திருப்பி, முதுகு தன் பக்கம் இருக்கும்படி மடியில் நிறுத்திக்கொண்டார்.